தலைகீழாய்ப் பறந்த கொடி

ஆங்கில நாவல் உலகில் ‘லார்ட் ஜிம்’ என்னும் நூலுக்குத் தனியிடம் உண்டு. போலந்து இனத்தில் பிறந்து, ஆங்கிலக் கப்பல்களில் தொழில் செய்து, பின்னர் ஆங்கிலத்திலேயே எழுதிப் புகழ்பெற்ற ஜோசப் கான்ராட் அதனை 1900ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பல்கலைக் கழகங்களில் பாடமாகவும், விமர்சகர்களின் ஆய்வுப் பொருளாகவும் அது இன்றளவும் இருந்து வருகிறது.

அந்த நூலை இவ்விதழில் நாம் எடுத்துப் பேசுவது ஏன் என்று வாசகர்கள் வினவக் கூடும். காரணம் உண்டு. அக்கதையில் வரும் ‘பாட்னா’ என்னும் பழைய நீராவிக் கப்பல், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றப் புறப்பட்ட 800 முஸ்லிம்களைச் சுமந்து சென்ற கப்பல். அந்த 800 பேரையும் நள்ளிரவில் நடுக்கடலில் விட்டுவிட்டு, அவர்களைக் காக்க வேண்டிய அதிகாரிகள் படகேறி ஓடிப்போனதே கதையின் கரு.

ஜிம் ஏன் குதித்தான்? நூற்றாண்டுக்கு மேலாக விமர்சகர்கள் கேட்டுவரும் கேள்வி இது. அவன் கோழையா, ஒரு கணம் தடுமாறிய நல்லவனா, இழந்த மானத்தை மீட்டானா என்றெல்லாம் எழுதிக் குவித்துள்ளனர். அந்த ஆராய்ச்சியில் நாம் குறை காணவில்லை. ஆனால் அந்நாவலைப் படித்து முடித்தபின் நம் உள்ளத்தில் எழுந்த கேள்வி வேறு. கைவிடப்பட்ட அக்கப்பலைக் கண்டவர் யார்? கண்டபின் அவர் என்ன செய்தார்? கண்டவரைப் பற்றி நாவல் எத்துணைப் பக்கம் பேசுகிறது?

முதலில் கதைச் சுருக்கத்தைக் கூறிவிடுவோம். பாட்னா ஒரு சீனருக்குச் சொந்தமானது. ஓர் அரபியர் அதனை வாடகைக்கு எடுத்திருந்தார். கப்பல் தலைவன் ஒரு ஜெர்மானியன். யாத்திரிகர்கள் ஏறும்போதே அவர்களை மாட்டு மந்தையாகப் பேசுகிறவன் அவன். ஜிம் அக்கப்பலின் முதல் துணை அதிகாரி, பாதிரியாரின் மகன், வீரச் செயல்களைக் கனவு காண்பவன். அமைதியான ஓர் இரவில், நீரில் மிதந்த ஏதோ ஒன்றின் மீது கப்பல் ஏறி இறங்குகிறது. அணியத்தில் ஓட்டை விழுகிறது. துருப்பிடித்த ஒரு தடுப்புச் சுவர் மட்டுமே கடலைத் தடுத்து நிற்கிறது. 800 பேருக்கு 7 படகுகள். தலைவனும் எந்திரத் தொழிலாளரும் ஓசையின்றி ஒரு படகை இறக்குகின்றனர். கடைசி நேரத்தில் ஜிம்மும் அதில் குதித்து விடுகிறான். சற்று நேரத்தில் கப்பலின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூழ்கிவிட்டது என்றே முடிவு செய்கின்றனர். உண்மையில் கப்பல் மூழ்கவில்லை. காற்றில் திரும்பியதால் விளக்குகள் மறைந்திருந்தன, அவ்வளவே.

இது முழுதும் கற்பனையன்று. 1880ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து ‘ஜித்தா’ என்னும் நீராவிக் கப்பல் புறப்பட்டது. பினாங்கு வழியாக ஜித்தா துறைமுகம் செல்ல வேண்டிய அக்கப்பலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகள் இருந்தனர். ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். கடும் புயலில் கொதிகலன்கள் நிலைபெயர்ந்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. ஆப்பிரிக்கக் கரையிலுள்ள குவர்தஃபூய் முனைக்கு அப்பால், ஆகஸ்ட் 8ஆம் நாள் பிறந்த வேளையில், கப்பல் தலைவரும் அவர் மனைவியும் முதல் துணை அதிகாரி வில்லியம்ஸும் வேறு சிலரும் படகில் இறங்கிச் சென்று விட்டனர். ‘சிந்தியா’ என்னும் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் ஏடன் சேர்ந்தது. ஜித்தா மூழ்கிவிட்டது, பயணிகள் அனைவரும் மாண்டனர் என்று அவர்கள் அறிவித்தனர். தந்தி வழியே அச்செய்தி இலண்டன் வரை சென்றது.

மறுநாள் ஆகஸ்ட் 11. மாண்டதாகச் சொல்லப்பட்ட பயணிகளைச் சுமந்துகொண்டு ஜித்தா கப்பலே ஏடன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது! ‘ஆன்டினார்’ என்னும் சரக்குக் கப்பல் அதனை இழுத்து வந்தது. ஷாங்காயிலிருந்து இலண்டன் சென்றுகொண்டிருந்த அக்கப்பல் வழியில் ஜித்தாவின் ஆபத்து அடையாளத்தைக் கண்டது, அருகே சென்றது, அதன் முதல் துணை அதிகாரி ஜித்தாவில் ஏறி, ஏடன் சேரும்வரை அதில் இருந்தார். ஏடனில் விசாரணை நடந்தது. ஜித்தாவின் தலைவருடைய சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. வில்லியம்ஸின் நடத்தையும் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. இந்த வில்லியம்ஸ்தான் பின்னர் ஜிம் ஆனார். சில ஆண்டுகள் கழித்துக் கீழ்த்திசைக் கடல்களில் தொழில் செய்த கான்ராட், ‘விதார்’ என்னும் கப்பலில் 1887இல் பணியேற்றார். அதன் உரிமையாளர் சிங்கப்பூர் அரபு வணிகரான செய்யிது முஹ்ஸின் பின் ஸாலிஹ் அல்ஜுஃப்ரி. ஜித்தாவும் சிங்கப்பூர் அரபு வணிகர் ஒருவரின் கப்பலே. எனவே கான்ராடுக்கு இச்செய்தி தொலைவிலிருந்து எட்டிய வதந்தி அன்று. துறைமுகமெங்கும் பேசப்பட்ட கதை.

இனி வரலாற்றையும் நாவலையும் அருகருகே வைத்து நோக்குவோம். படைப்பாளி வரலாற்றை மாற்றிக்கொள்ள உரிமையுடையவரே. எனினும் எதனை மாற்றினார் என்பது அவருடைய பார்வையைக் காட்டிவிடும்.

முதல் மாற்றம் இது: நாவலின் யாத்திரிகர்கள் உறங்குகின்றனர். பாயிலும் பலகையிலும் மூட்டைகளின் மேலும் தலை சாய்த்து, தங்களை ஏற்றிச் செல்வோரின் திறமையை நம்பி உறங்குகின்றனர். அந்த உறக்கத்தைக் கான்ராட் வருணித்துள்ள அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் வரலாற்றின் யாத்திரிகர்கள் உறங்கவில்லை. ஜித்தாவின் பயணிகள் நாள் கணக்கில் நீர் இறைத்தனர். அதிகாரிகள் படகிறக்குவதைக் கண்டு கூச்சலிட்டனர், தடுக்கவும் முயன்றனர். தலைவர் போன பின்பும் இறைப்பதை நிறுத்தவில்லை. ஆன்டினார் வந்தபோது ஜித்தா மிதந்துகொண்டிருந்ததற்கு அந்தக் கைகளும் ஒரு காரணம். விழித்திருந்து பாடுபட்டவர்களை நாவல் உறங்க வைத்துவிட்டது. ஜிம்மின் தனிமை முழுமை பெற வேண்டுமாயின் மற்றவர் உறங்கத்தான் வேண்டும் என ஆசிரியர் கருதியிருக்கலாம். கலைக்கு அது தேவையாக இருக்கலாம். ஆயினும் அதன் விலையைச் செலுத்தியவர்கள் ஹாஜிகள்! உலகம் அவர்களை வாயற்ற கூட்டமாகவே இன்றும் அறிந்திருக்கிறது. 800 பேரில் ஒருவருக்கேனும் பெயர் உண்டா என்று தேடிப் பார்த்தோம், இல்லை.

எனினும் கான்ராட் நேர்மையான கலைஞர். தாம் மூடிய கதவில் ஒரு துளை வைத்துள்ளார். சுக்கான் பிடித்திருந்த இரு மலாய்க்காரர்கள் தங்கள் இடத்தை விட்டு அசையவில்லை. அவர்களுள் முதியவர் விசாரணை மன்றத்தில் சாட்சி சொல்கிறார். வெள்ளையர்கள் சாவுக்கு அஞ்சிக் கப்பலை விட்டுப் போவார்கள் என்ற எண்ணமே தமக்குத் தோன்றவில்லை, வேறு ஏதேனும் இரகசியக் காரணம் இருக்கும் என்றே நினைத்ததாகக் கூறுகிறார். இதனை ஓர் ஏழையின் அறியாமை என்று சிரித்துக் கடந்து செல்வோர் உண்டு. நமக்கோ, அந்நாவலில் ஜிம்மைச் சுட்டெரிக்கும் வாசகம் அதுவே எனத் தோன்றுகிறது. விடியலில் மற்றொன்றும் நிகழ்கிறது. கப்பலாட்களின் தலைவரான சராங்கு, கொடியைத் தலைகீழாக ஏற்றுகிறார். ஆபத்தில் இருக்கிறோம், உதவுங்கள் என்பது அதன் பொருள். சான்றிதழ் பெற்ற அதிகாரிகள் ஐவருக்கும் தோன்றாத கடமை அவருக்குத் தோன்றிற்று. நாவலாசிரியர் அதற்கு ஒதுக்கியது அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு தொடர் மட்டுமே.

கொடி ஏற்றினால் மட்டும் போதுமா? அதனைப் பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண் பிரெஞ்சுப் போர்ப்படகு ஒன்றிலிருந்து வருகிறது. இது இரண்டாவது மாற்றம்: ஆங்கிலச் சரக்குக் கப்பலின் அதிகாரி, நாவலில் பிரெஞ்சுக் கடற்படைத் துணைத் தளபதியாகி விடுகிறார். ஆண்டுகள் சில கடந்தபின் அந்த முதியவர் கதைசொல்லியான மார்லோவிடம் நடந்ததைச் சொல்கிறார். எந்நேரமும் மூழ்கக்கூடிய பாட்னாவில் அவர் 30 மணி நேரம் இருந்தார். அது மூழ்கத் தொடங்கினால் இழுவை வடத்தை வெட்டிவிடுவதற்காக, அவருடைய கப்பலில் இருவர் கோடரியுடன் காத்து நின்றனர். அதாவது, மற்றவரைக் காக்கப் போனவரைக் கைவிடவும் ஏற்பாடு இருந்தது. அதை அறிந்தே அவர் அங்கு இருந்தார். இதைச் சொல்லும்போது அவரிடம் பெருமிதம் ஒரு துளியும் இல்லை. உணவோடு அருந்த மது கிடைக்கவில்லை என்பது மட்டுமே அவர் சொல்லும் குறை! அச்சம் எல்லோருக்கும் உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார்.

இந்த அத்தியாயமே நாவலின் உயிர் என்பது நம் துணிபு. ஜிம் தன் வீரத்தைக் கனவில் கண்டவன். இவர் பிறர் ஆபத்தைக் கண்ணால் கண்டவர். தன்னையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பிறர் கண்ணில் படுவதில்லை. ஜிம் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்க்கிறான், விண்மீன்களைப் பார்க்கிறான், தன் எதிர்காலத்தைப் பார்க்கிறான். காலடியில் படுத்திருந்த 800 பேரை அவன் உண்மையாகப் பார்த்திருந்தால் குதித்திருப்பானா? தலைவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மந்தையென்று பெயரிட்டவனுக்கு அவர்களை விட்டுச் செல்வது கடினமாக இருந்திராது.

இவ்விடத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமை நம் நினைவுக்கு வருகிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவித்து, ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றது அது. ஒரு கப்பலில் சீட்டுக் குலுக்கி, சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இடம் பெறுகின்றனர். நீருக்காக மேலே வந்து போகும் கீழ்த்தளத்தார், மேலே உள்ளோரைத் தொந்தரவு செய்யாமல் தங்கள் பகுதியிலேயே துளையிட்டுக்கொள்ள எண்ணுகின்றனர். அவர்களைத் தடுக்காமல் விட்டால் எல்லோரும் அழிவர்; தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். மேலே இருப்போர் தங்களுக்கு மட்டும் தனி முடிவு உண்டென நினைப்பது மடமை என்பது இதன் கருத்துகளுள் ஒன்று. பாட்னாவின் மேல்தளத்தார் அந்த மடமையையே செய்தனர்.

கடமையின் அளவைப் பற்றியும் நம் சட்ட மேதைகள் தெளிவாகப் பேசியுள்ளனர். சமுதாயத்தில் சிலர் செய்தால் மற்றவர் பொறுப்பு நீங்கும் கடமை பர்ளு கிபாயா. ஆனால் செய்யக் கூடியவர் ஒருவரே உள்ள இடத்தில் அது அவர்மீது பர்ளு ஐனாக, தனிக் கடமையாக மாறிவிடும். கரையில் நூறு பேர் நிற்க ஒருவன் ஆற்றில் தத்தளித்தால் யாரேனும் ஒருவர் குதிக்கலாம். நடுக்கடலில் அவ்வாறன்று. அடிவானம் வரை ஒரே கப்பல் தென்படுகிறதெனில், கடமை முழுவதும் அதன்மீதே வந்து இறங்குகிறது. ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) தம் ‘கவாஇதுல் அஹ்காம்’ நூலில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். நீரில் மூழ்குவோரைக் காப்பது தொழுகையை நிறைவேற்றுவதை விட முந்தியது என்கிறார். தொழுகையைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். போன உயிரை மீட்க இயலாது. நோன்பாளி நோன்பைத் திறந்தால்தான் காப்பாற்ற முடியுமெனில் நோன்பைத் திறக்க வேண்டும் என்பதும் அவர் தீர்ப்பு. மூழ்குபவன் யார், எவ்வூரான் என்பதைப் பார்த்தறிந்து கொண்டிருக்க அங்கு அவகாசமில்லை.

உலகக் கடற்சட்டம் இந்த இடத்துக்கு வரக் காலம் பிடித்தது. 1880இல் ஆன்டினார் அந்நியக் கப்பலொன்றுக்கு உதவியே ஆக வேண்டுமென ஆங்கிலச் சட்டத்தில் பொதுவான கட்டாயம் இருந்ததில்லை. உதவினால் மீட்புக் கூலி கேட்கும் உரிமை உண்டு. ஆன்டினாரின் சார்பில் பின்னர் சிங்கப்பூரில் அதற்கு வழக்கும் நடந்தது. கூலி கேட்டதனால் உதவியின் மதிப்புக் குறைந்துவிடாது. கூலிக் கணக்கைக் கடலிலேயே பார்த்துக்கொண்டு நிற்கவில்லையே! 1910இல் பிரஸ்ஸல்ஸ் நகர உடன்படிக்கை, கடலில் உயிராபத்தில் இருப்பவன் பகைவனாயினும் அவனுக்கு உதவுதல் கப்பல் தலைவனின் கடமை என்றது. தன் கப்பலுக்கும் அதிலுள்ளோர்க்கும் பேராபத்து நேரும் நிலை மட்டுமே விலக்கு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை, செய்தி எங்கிருந்து கிடைத்தாலும் விரைந்து செல்ல வேண்டும் என்கிறது. போகாதவன் ஏன் போகவில்லை என்பதைக் கப்பல் குறிப்பேட்டில் எழுதி வைக்கவும் வேண்டும். மனிதன் செய்ததும் செய்யத் தவறியதும் ஏட்டில் ஏறும் என்று நம்பும் நமக்கு இவ்விதி புதிதன்று. ஐக்கிய நாடுகளின் 1982ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கையும் இக்கடமையை உறுதிப்படுத்தியது.

சட்டம் வந்தபின் எல்லாக் கண்களும் திறந்துவிட்டனவா? இல்லை. 1912ஆம் ஆண்டு ஏப்ரல் இரவில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, பனிக்கட்டிகளிடையே நின்றிருந்த ‘கலிபோர்னியன்’ கப்பலின் காவலர்கள் வானில் வெள்ளை வாணங்களைக் கண்டனர். தலைவருக்குச் செய்தியும் சொன்னார்கள். விளக்கால் சைகை செய்து பார்த்தார்கள். உறங்கிக்கொண்டிருந்த கம்பியில்லாத் தந்தியாளரை எழுப்பிக் கேட்க மட்டும் விடியும்வரை யாரும் முனையவில்லை. அந்தக் கப்பல் பனியினூடே சென்று உதவியிருக்க முடியும் என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவு கூறிற்று. அவர்கள் குருடர் அல்லர். கண்டார்கள், ஆனால் கண்டதன் பொருளைத் தம்மேல் ஏற்றுக்கொள்ளவில்லை. பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதற்கு நேர்மாறான காட்சியும் நம் காலத்தில் உண்டு. 2015ஆம் ஆண்டு மே மாதம், ரோஹிங்யா மக்களும் வங்காளதேசத்தவரும் நிறைந்த படகுகள் அந்தமான் கடலிலும் மலாக்கா நீரிணையிலும் உணவும் நீருமின்றி அலைந்தன. அரசாங்கங்களின் கடற்படைகள் அவற்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. அந்நாட்களில் சுமத்திராவின் அச்சே மீனவர்கள் தம் சிறு படகுகளில் நூற்றுக்கணக்கானோரை ஏற்றிக் கரை சேர்த்தனர். கடலில் தத்தளிப்பவன் எவனாயினும் கைகொடுக்க வேண்டும் என்பது அவர்களது பரம்பரைக் கடல் வழக்கம். 1880இல் ஜித்தா பினாங்கை விட்டுச் சென்ற அதே கடல் வழி அது. அந்த மீனவர்கள் கான்ராடைப் படித்தவர்கள் அல்லர். மானம் பற்றி விவாதித்தவர்களும் அல்லர். பிரெஞ்சுத் துணைத் தளபதியின் வாரிசுகள் அவர்களே எனலாம்.

ஒரு மறுப்புக்கு விடை கூற வேண்டும். ‘ஒரு தனி மனிதனின் மனச்சான்றைப் பற்றிய நாவலிடம் 800 பேரின் கதையைக் கேட்பது முறையா?’ என்பர். முறையன்று என்றே ஒப்புக்கொள்கிறோம். ஜிம்மைத் தேர்ந்ததற்காக நாம் கான்ராடைக் குறை கூறவில்லை. அவர் எழுதாதிருந்தால் ஜித்தாவின் செய்தி பழைய நீதிமன்றக் கட்டுகளில் செல்லரித்துப் போயிருக்கும். அந்த நன்றி நமக்கு உண்டு. நம் குறை இதுவே: விழித்திருந்தோரை உறங்கவைத்து, கொடியேற்றியவரை அடைப்புக்குறிக்குள் ஒதுக்கியதனால், படிப்போர் கண்ணும் ஜிம்மை விட்டு நகர மறுக்கிறது. கைவிட்டவனுக்காக இரங்கப் பழகிய அளவுக்கு, கைவிடப்பட்டவரைக் காணப் பழகவில்லை. இலக்கியம் கண்ணைப் பழக்குவது. ஆதலின் இக்குறை சிறியதன்று.

அந்தப் பழக்கத்தை மாற்றும் பொறுப்பு நம்மவர்க்கும் உண்டு. எமது பாட்டியார் பம்பாயிலிருந்து கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். இரவில் தூரத்தே வேறொரு கப்பலின் விளக்கு தெரிந்தால், பெண்கள் எல்லோரும் அது மறையும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். ‘அவங்களும் நம்மளப் பாத்துக்கிட்டுத்தானே இருப்பாங்க’ என்று ஆறுதலாகச் சொல்வார். இந்தியாவிலிருந்து கப்பல் வழி ஹஜ்ஜுப் பயணம் 1995இல் நின்றுபோயிற்று. அவ்வழி சென்று வந்த முதியோர் சிலர் இன்னும் நம் வீடுகளில் உள்ளனர். இளைஞர்கள் அவர்கள் அருகமர்ந்து கேட்டு எழுதி வைக்கட்டும். மேல்தளத்தார் எழுதிய கதைகள் ஏராளம். பாய் விரித்துப் படுத்தவர்கள் சொல்லும் கதை நமக்கு வேண்டும்.

‘மாலுமி’ என்ற சொல் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. முஅல்லிம் என்றால் கற்றுக்கொடுப்பவர்; நட்சத்திரமும் காற்றும் அறிந்து கப்பலைச் செலுத்திய வழிகாட்டிகளை அரபியர் அப்பெயரால் அழைத்தனர். பள்ளியில் பாடம் சொல்லும் நமக்கும் அதே பெயர்தான். நாவலில் ஜிம்முக்கு அந்தப் பட்டம் பொருந்தவில்லை. சுக்கானை விடாத அந்த இருவருக்கும், கொடியேற்றிய சராங்குக்கும், அதனைக் கண்டு வந்தவருக்கும் அது பொருந்துகிறது. நம் மாணவர்களுக்கு ‘லார்ட் ஜிம்’ பாடமாக வரும்போது, ஆசிரியர் அந்த நால்வரையும் ஒருமுறை சுட்டிக் காட்டட்டும்.